கொட்டைக் காசு

"இன்னா நதியா, இது எந்த ஊரு நாயம்? பொண்ணு உக்காந்து தட்டுன கொட்டை. தூங்கி எழுந்து வர்றவனுக்குப் பாதிக் காசா?"

புளியங்கொட்டை வாங்க வந்த வண்டிக்காரர் தராசை எடுத்துக்கொண்டு இன்னும் படி இறங்கக்கூட இல்லை. அவர் கொடுத்த நூறு ரூபாயை நதியா ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, மகள் அருணா கையில் ஒன்றும் மகன் நவீன் கையில் ஒன்றும் வைத்தாள். அதைப் பார்த்துத்தான் சசிகலா கேட்டாள்.

சசிகலா நதியாவுக்கு நாத்தனார். பிறந்தது இந்த ஜவ்வாது மலையில், வாழ்க்கைப்பட்டது திருப்பத்தூரில். மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிற அப்பாவைப் பார்க்க சனிக்கிழமை பஸ் ஏறி வந்தாள். வந்ததிலிருந்து அவள் கண்ணில் பட்டதெல்லாம் வேறு.

ஐந்தாவது படிக்கிற அருணா வாசல் பெருக்குகிறாள், குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடிக்கிறாள், பாத்திரம் தேய்க்கிறாள். மீதி நேரமெல்லாம் புளி தட்டுகிறாள். ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது.

மூன்றாவது படிக்கிற நவீன் முகத்தில் வெயில் அடித்த பிறகுதான் பாயை விட்டு எழுந்திருக்கிறான். களியைத் தின்கிறான், கோலி விளையாடப் போகிறான். பெற்றவள் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் போகிறது, காலையில் அவனுக்கு மட்டும் ஒரு முட்டை வேறு.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. புளி, மரத்துக்காரருக்கு; கொட்டை, அதைத் தட்டியவருக்கு. கூலிக்கு வருகிற பெண்களுக்கும் அதுதான், வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுதான். பிள்ளைகள் கையில் காசு பார்ப்பது புளிக் காலத்தில்தான். அதில் யாரும் கை வைப்பதில்லை. குடிக்கிற அப்பன்கூட அந்தக் காசைக் கேட்க மாட்டான்.

அந்தக் காசைத்தான் நதியா பிட்டுக் கொடுத்தாள். யாருக்குத்தான் வயிறு எரியாது?

நாங்களும் ஆணும் பொண்ணுமாகத்தான் வளர்ந்தோம், என் காசில் என் தம்பிக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடு என்றுகூட எங்கம்மா கேட்டதில்லை என்றாள் சசிகலா. உங்கம்மா வீட்டில் ஆண்பிள்ளை என்றால் தட்டில் வைத்துத் தாலாட்டுவார்களா என்று குத்தினாள். புளி தட்ட வந்திருந்த பக்கத்து வீட்டு மங்கம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"நானும் பாத்துக்கினுதான் கீறேன் சசி. அந்தப் பையன் கையில ஒரு நாள் தொடப்பத்தைப் பாத்திருப்பேனா?"

நதியா கொட்டைச் சாக்கை உதறி மடித்தாள். "வுடுங்க அண்ணி. புள்ளைங்க வெவகாரம்."

"வுடறதா? இரு, அப்பாகிட்டயே கேக்குறேன். அவரு சொல்லட்டும் நாயம்."

சசிகலா வீட்டுக்குள் போகத் திரும்பினாள். அதுவரை குனிந்த தலை நிமிராத நதியா ஓடிவந்து நிலைப்படியில் நின்றுகொண்டாள்.

"அவர்கிட்ட மட்டும் வேணாம் அண்ணி. மனசு வுட்டுடுவாரு."

"ஏன், உன் வண்டவாளம் தெரிஞ்சிடும்னா?"

நதியா வழியை விடவில்லை.

சசிகலாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. நேராகப் போய் நவீன் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி அருணா கையில் திணித்தாள். துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாதவனுக்குக் காசு ஒரு கேடா என்றாள்.

பையன் அழவில்லை. அம்மாவைப் பார்த்தான். அவள் சொல்லாதே என்பதுபோல் தலையை ஆட்டினாள். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டான்.

அருணா கையிலிருந்த நோட்டையும் தம்பி போன திசையையும் பார்த்தாள். பிறகு அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இத அவங்கிட்டயே குடுத்துடுங்க அத்த. பாதி தர்றேன்னு நான்தான் அவங்கிட்ட பேசி வெச்சேன். அம்மா இல்ல."

"நீயா? எதுக்குடி?"

அருணா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சத்தமா சொன்னா தாத்தா அழுவாரு. விடியறதுக்கு முன்ன அவந்தான் எழுந்து தாத்தாவக் கழுவி வுடுவான். தாத்தா உத்தரத்துல கட்டுன கயித்தப் புடிச்சிக்கினு எக்குவாரு, இவன் துணிய உருவி வேற மாத்துவான். அப்புறம் ஓடையில போயி அலசிப் போட்டுட்டு வந்து படுப்பான். அம்மா மருமகளாச்சே, கிட்ட வரவேணாம்னுட்டாரு தாத்தா. நானும் பொம்பளப் புள்ளயாம், வரக்கூடாதாம். அப்பா பெங்களூருல கீறாரு."

மங்கம்மாள் மடியிலிருந்த புளி ஓட்டைத் தட்டிவிட்டு, அடுப்பில் உலை வைத்தது ஞாபகம் வந்தவள் மாதிரி எழுந்து போனாள்.

நோட்டை வாங்கிக்கொள்ள சசிகலாவுக்குக் கை வரவில்லை. அருணா அதை மறுபடி நீட்டினாள்.

"நீங்களே போயி குடுங்க அத்த. அவன் கோவிச்சிக்கினு செய்ய மாட்டேன்னுட்டா நாளைக்கு யாரு செய்வாங்க? நீங்க மத்தியான பஸ்ஸுக்கே போய்டுவீங்க இல்ல."