மூளிக்காது ஆந்தை

"எந்த வீட்டுல அப்பாவோட ஆந்தை தூசி படிஞ்சு மூலையில கிடக்குதோ, அந்த வீட்டுப் படியை இனிமே நான் மிதிக்க மாட்டேன்!"

காரைக் கிளப்பும்போதே மகள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். தொழில் வக்கீல். விசாரணைக்கு முன்பே தீர்ப்பு சொல்வது மட்டும் வீட்டுப் பழக்கம்.

அம்மா சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "சரி, மிதிக்காதே. முதல்ல ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அப்பா சிற்பி. அவர் போய் ஒரு வருஷமாகிறது. அண்ணன், தங்கை, தம்பி என்று கூடப்பிறந்தவர்கள் வீடு கட்டியபோது ஆளுக்கொரு சுடுமண் ஆந்தை செய்து கொடுத்திருந்தார். 'என்னை மாதிரியே ராத்திரி தூங்காத ஜீவன், வீட்டைப் பார்த்துக்கும்' என்பார். அவர் செய்ததையெல்லாம் படம் எடுத்துப் புத்தகமாகப் போட வேண்டும் என்பது மகளின் ஆசை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மூன்று வீட்டுக்கும் போன் செய்திருந்தாள், மிரட்டலையும் சேர்த்துத்தான்.

முதலில் பெரியப்பா வீடு. கூடத்தில் நடுநாயகமாக ஆந்தை. பூசணிக்காய் அளவு, உருட்டி விழிக்கும் கண்கள், இடது காது மட்டும் கொஞ்சம் மூளி. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள்.

"இந்த வயசுலயும் தினமும் நானேதான் துடைக்கிறேன்மா," என்றார் பெரியப்பா. ஆனால் 'சாப்பிட்டுப் போங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிட்டத்தட்டத் தள்ளாத குறையாக வழியனுப்பினார்.

"என்னம்மா இப்படி விரட்டுறார்?"

"அவருக்கு என்ன அவசரமோ. நீ மெதுவா ஓட்டு, எனக்குத் தலை சுத்துது," என்றாள் அம்மா.

அத்தை வீட்டில் ஆந்தையைக் காணோம்.

"மாடியில பத்திரமா வெச்சிருக்கோம். மாமா எடுத்துட்டு வருவார். முதல்ல காபி குடிங்க அண்ணி," என்று அத்தை கையைப் பிசைந்தாள்.

காபி முடிந்தது. மாமா இறங்கவில்லை. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். குறுக்கு விசாரணைக்கு வாயைத் திறந்தபோது அம்மா முந்திக்கொண்டாள்.

"காபி பிரமாதம். இன்னொரு கப் கிடைக்குமா?"

"அம்மா! ஒரு காபிக்கே உனக்கு நெஞ்சு எரியும்!"

"ஒரு நாள்தானே, எரிஞ்சுட்டுப் போகுது."

அத்தை சமையலறைக்கு ஓட்டமாய் ஓடினாள். இரண்டாவது காபியும் முடியப்போன நேரத்தில் மாமா வேர்த்து விறுவிறுத்து ஆந்தையோடு வந்தார், பின்வாசல் வழியாக. "பின்பக்கமும் மாடிப்படி இருக்கு," என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"அட, இதுக்கும் இடது காது மூளியா இருக்கே!"

அத்தை மாமாவைப் பார்த்தாள். "அது... அண்ணனோட ஸ்டைல்."

"ஆமால்ல! அப்பாவோட முத்திரை!" மகள் பூரித்துப்போனாள்.

சித்தப்பா வீட்டில் அலமாரிச் சாவி தொலைந்திருந்தது. சித்தப்பா அதே சட்டைப்பையைத் திரும்பத் திரும்பத் துழாவினார். அம்மா அங்கேயும் இரண்டாவது காபி கேட்டாள், சர்க்கரை தூக்கலாக. ஒருவழியாக ஆந்தை வந்து சேர்ந்தது. மூளிக்காதின் கலை நுணுக்கத்தை மகள் சித்தப்பாவுக்கே விளக்கினாள்.

"எல்லாரும் கண்ணும் கருத்துமா வெச்சிருக்கீங்க. நான்தான் தெரியாம மிரட்டிட்டேன்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் சிக்னலில் கார் நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். ஹெல்மெட்டுக்குள் பெரியப்பா. காலுக்கு நடுவில் துண்டு சுற்றிய மூட்டை. துண்டுக்கு மேலே இரண்டு மண் காதுகள் எட்டிப் பார்த்தன. இடது காது மூளி.

மகள் போனை எடுத்து மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"ஒரே ஆந்தைம்மா! மூணு வீட்டுலயும் இதே ஆந்தைதான்! நம்ம காதுல பூ சுத்தியிருக்காங்க!"

ஹாரனில் கை வைத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். பதறிப்போய் இருக்கற ஒண்ணையும் கீழே போட்டுடப் போறார்."

பச்சை விழுந்தது. ஸ்கூட்டர் பறந்தது.

"அத்தை வீட்டுது பந்து பட்டு உடைஞ்சுது. சித்தப்பா வீட்டுது பெயின்ட் அடிக்கும்போது போச்சு. ரெண்டு பேரும் உங்கப்பாகிட்ட வந்து அழுதாங்க, அண்ணிக்குத் தெரிய வேண்டாம்னு. அவர் என்கிட்ட எதை மறைச்சார்? அன்னைக்கே சொல்லிட்டார். 'ஆந்தை போனா போகுது, ஒரு மண்பொம்மைக்கு இப்படி அழுதாங்களே, அது போதும் எனக்கு'ன்னு ஒரே சிரிப்பு."

மகள் காரை நகர்த்தினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அப்போ அந்தக் காது? முத்திரை?"

"உங்க பெரியம்மா துடைப்பத்தால இடிச்சது."

அவ்வளவுதான். மகளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கொளுத்துகிற வெயிலில் ஆந்தையைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய பெரியப்பாவை நினைக்க நினைக்க, சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அப்பாவை இவர்கள் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

"மூணு படத்தையும் புத்தகத்துல போடப் போறேன். பெரியப்பா வீட்டு ஆந்தை, அத்தை வீட்டு ஆந்தை, சித்தப்பா வீட்டு ஆந்தை."

"பேஷா போடு."

தெருமுனை திரும்பியதும் வக்கீலுக்குப் பொறி தட்டியது. "ஏம்மா, அப்போ போகும்போதே உனக்கு எல்லாம் தெரியும்!"

அம்மா நெஞ்சைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"பின்னே? ஆந்தை வந்து சேர வேண்டாமா? வீட்டுக்கு வீடு ரெண்டாவது காபி எதுக்குக் கேட்டேன்னு நெனச்சே?"