அஞ்சு மணிக்குள் வெந்நீர்

“அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிருமா சேட்டா? ஒச்சம்மா வந்துருவா.” மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார் சுப்புராஜ்.

“ஹீட்டர் மாட்டறது எளுப்பம்,” என்றார் எலக்ட்ரீஷியன் நாணு. “ஆனா அதுக்குத் தனி லைன் இழுக்கணும், எர்த் வேணும், பதினாறு ஆம்பியர் பிளக் வேணும். எல்லாம் கூடி நாலாயிரம் ஆகும்.”

“ஆகட்டும். சீக்கிரம்.”

கொச்சி மட்டாஞ்சேரியில் அரிசி குடோனில் மூட்டை தூக்குகிறவர் பேரம் பேசாதது நாணுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. “ஒச்சம்மா யாரு, மோளா மருமோளா? பிரசவம் கழிஞ்சு வர்றாளா?”

சுப்புராஜ் மறுபடி வாசலுக்குப் போனார்.

நாணு வேலையை முடித்து ஹீட்டரைப் போட்டுவிட்டிருந்தார். ஐந்து மணிக்கு, தலை நரைத்த ஒரு பெண் உள்ளே வந்தாள். கையெல்லாம் எண்ணெய் வாசனை.

“என் பொண்டாட்டி,” என்றார் சுப்புராஜ். “இருபது வருஷமா வீடு வீடாப் போயி, பிள்ளை பெத்தவங்களுக்கு வெந்நி ஊத்திக் குளிப்பாட்டுறா. இங்க வந்தா, மேலு வலியோட பச்சத் தண்ணியிலதான் குளிப்பா.”

ஒச்சம்மாள் குளியலறைக்குப் போய், கை கழுவக் குழாயைத் திறந்தாள். சூடு பட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“வெந்நியா? இங்க யாருக்குய்யா பிள்ளை பொறந்திருக்கு?”