நூற்றிப்பத்து ரியால்

"ஹைருனு, நீ ஒரு தடவ பாத்துச் சரின்னு சொல்லிட்டா, இலஞ்சில உள்ள எடத்த ரொக்கத்தோட நிக்கிற ஆளுக்கு இன்னைக்கே வித்து ரூவாயக் குடுத்துருவேன்" என்றார் துல்கர்னைன்.

அவர் கையில் ஒரு தாள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் அஹ்சன் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியது. மருமகள் ஹம்னா அதைத் தென்காசி பஜாரில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்திருந்தாள். அவளையும் கைக்குழந்தையையும் அங்கே கூட்டிப் போய்க் குடும்பம் நடத்த என்ன ஆகும் என்கிற கணக்கு.

அந்தத் தெருவில் மஸ்கட் விவரம் தெரிந்த ஒரே பொம்பளை ஹைருன் பீவிதான். அவள் கணவன் பரீது பன்னிரண்டு வருஷமாக அங்கே இருக்கிறான். இவள் பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறாள்.

ஹம்னாவுக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷம். அதற்குள் விசா. ஹைருனுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? பரீது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவில் வருவான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் அவனோடு வாழ்ந்தது ஒரு வருஷம் தேறாது.

தாளை வாங்கி விரல் வைத்துப் படித்தாள். கல்யாண சர்டிபிகேட்டுக்கு அட்டஸ்டேஷன், விசா, மெடிக்கல், டிக்கெட், திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கார் வாடகை. பையன் ஒன்றையும் விடவில்லை. குறை சொல்ல ஏதுமில்லாததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"லாத்தா, தேங்கா அரைக்க மிக்ஸி இங்கனருந்தே கொண்டு போவவா? அங்கன வெல ஜாஸ்தியா?" என்றாள் ஹம்னா. முகமெல்லாம் சிரிப்பு.

"மொதல்ல போற வழியப் பாருட்டி. மிக்ஸி பெறவு."

அடுத்த வரிக்கு வந்ததும் விரல் நின்றது. வாடகை, மஸ்கட் ரூவி ஏரியாவில் ரெண்டு பெட்ரூம் வீடு, நூற்றிப்பத்து ரியால்.

ரூவி வாடகை ஹைருனுக்கு மனப்பாடம். அவளும் இதே மாதிரி எத்தனையோ தாள் எழுதியவள்தான். ஒவ்வொரு தடவையும் வாடகையில் வந்து முட்டி நிற்கும். 'அடுத்த வருஷம் பாப்பம்ட்டி' என்று பரீது முடித்துவிடுவான்.

"மாமா, இது நடக்காத கணக்கு."

"என்னம்மா சொல்லுத?"

"ரூவில ரெண்டு பெட்ரூம் வீடு இருநூறு ரியாலுக்குக் கொறஞ்சு கெடையாது. நூத்திப்பத்துக்கு யாரு குடுப்பா? இவனுக்குச் சம்பளமே முந்நூறு. கரண்டு, சாப்பாடு, பிள்ளைக்குப் பாலு, மருந்து இருக்கு. மாசம் பத்தாந்தேதி யார்ட்டயாவது கையேந்தணும்."

"வீடு பேசி முடிச்சாச்சுன்னு சொன்னாவளே லாத்தா" என்றாள் ஹம்னா. சிரிப்பு பாதியாகியிருந்தது.

"வீட்டப் படம் எடுத்து அனுப்புனானா?"

"இல்ல."

"பெறவென்ன? பொண்டாட்டி பிள்ளயக் கூட்டிட்டுப் போற ஆசைல கொறச்சு எழுதிருக்கான். எடத்த வித்துட்டு நீங்க வருத்தப்படக் கூடாது மாமா. நான் உள்ளதச் சொல்லுதேன்."

உள்ளதைத்தான் சொன்னாள். அதில் ஒரு பைசா பொய் இல்லை. ஆனால் சொன்னபோது, குற்றால சீசனில் ஐந்தருவிக்குத் தலையைக் கொடுத்த மாதிரி உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

துல்கர்னைன் அங்கேயே மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏலே, நூத்திப்பத்துக்கு ரெண்டு பெட்ரூம் வீடு எங்கனல கெடைக்கி?"

அஹ்சன் இழுத்தான். "அத இப்பம் சொல்ல முடியாது, அத்தா. ஒரு வாரம் பொறுங்க, எல்லாம் சொல்லுதேன். நாளைக்கு அட்வான்ஸ் கட்டணும், ரூவா மட்டும் அனுப்புங்க."

"பெத்த தகப்பன்ட்ட மறைக்கிறவனுக்கு ஒத்த ரூவா கெடையாது. அவ இங்கனயே இருக்கட்டும்" என்று போனை வைத்தார்.

ஹம்னா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். முதுகு குலுங்கியது.

"அழாதட்டி" என்றாள் ஹைருன். "நாங்கள்லாம் இருக்கலியா? பழகிரும்."

அன்று மத்தியானம் அவளுக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நல்ல தூக்கம் வந்தது.

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பரீது போன் பண்ணினான். குரலில் சுரத்தே இல்லை.

"அஹ்சன் பேசி வச்சிருந்த வீடு கைய விட்டுப் போச்சுட்டி. அட்வான்ஸ் வரலன்னதும் வீட்டுக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துட்டான்."

"போனாப் போவுது. அவன் வீடு போனா ஒங்களுக்கு என்ன?"



"அதுல ஒரு ரூம் நமக்குட்டி. வாடக இருநூத்தி இருவது, ஆளுக்குப் பாதி. ஒனக்கும் விசாவுக்குக் குடுத்துருந்தேன். ஏற்கெனவே ரெண்டு தடவ வா வான்னு சொல்லி ஒன்ன ஏமாத்திட்டேன். இந்த தடவ விசா கைக்கு வந்த பெறவு சொல்லுவோம், அதுவரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடாதன்னு அஹ்சன்ட்ட நாந்தான் சத்தியம் வாங்கியிருந்தேன்."

ஹைருன் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"எந்த மகராசன் கணக்குப் பாத்துக் குடுத்தானோ தெரியல" என்றான் பரீது. "நூத்திப்பத்துக்கு வீடே கெடைக்காதுன்னு அஹ்சனோட அத்தாட்ட அடிச்சுச் சொல்லியிருக்கான்."