தலைகீழாக நின்றாலும்

இன்றும் இரண்டு சதவீதம்தான்.

திரையில் கோடு சோம்பலாகக் கொஞ்சம் இறங்கியது. மின்காந்தத்தை அணைத்ததும் பழைய இடத்துக்கே ஏறிக்கொண்டது. அவள் இடுக்கியை மேசையில் எறிந்தாள்.

வேலை ஒன்றும் மாயம் அல்ல. ஒரே கரைசலில் கோபால்ட்டும் செம்பும் இருக்கும். மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால், நகத்தளவு சதுரத் தகட்டின்மேல் இது ஓர் அடுக்கு, அது ஓர் அடுக்கு என்று முந்நூறு அடுக்கு ஏறும். பிறகு தகட்டைக் காந்தத்துக்கு நடுவே வைத்து, மின்தடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். நிறையக் குறைந்தால் நல்ல தகடு.

91ஆம் தகட்டில் பதினான்கு சதவீதம் குறைந்தது. அதை வைத்துத்தான் அவள் பெயரில் கட்டுரை வந்தது, பதவி உயர்வு வந்தது.

பிடித்த சனியனும் அதோடுதான் வந்தது. நோட்டில் 91க்கு எழுதியிருந்த அதே அளவுகளில் முப்பத்தெட்டுத் தகடு போட்டாயிற்று. தலைகீழாக நின்று பார்த்தாயிற்று. ஒன்றுகூட மூன்றைத் தாண்டவில்லை. தங்களுக்கும் வரவில்லை என்று வெளியிலிருந்து இரண்டு ஆய்வகங்கள் எழுதிவிட்டன. நாளைக் காலைக்குள் ஒரு தகடாவது காட்டாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று துறைத்தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டில் மகள்கூட, தொண்ணூற்றொன்றுக்குத் தம்பி பிறந்தாச்சா என்று கேட்கிறாள்.

எரிகிற எரிச்சலில் சொட்டுவின் நினைப்பு வேறு வந்தது.

சொட்டு அவளோடு வேலை பார்த்தவர். கழுவிய தகட்டிலிருந்து கடைசிச் சொட்டு விழும்வரை அசையாமல் நிற்பார், அதனால் அந்தப் பெயர். அந்த நிதானம் அவளுக்கு ஆகாது.

"காப்பர் ஏறுற நேரத்துல கோபால்ட் கரைஞ்சு போகுது மேடம். அந்த வோல்டேஜைக் கொஞ்சம் மாத்திப் பாருங்க."

எத்தனையோ முறை சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவர் தகடுகள் தேறாது என்று தலைவருக்கு எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். அதோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. இப்போது எங்கோ ஒரு பட்டறையில் தண்ணீர்க் குழாய்களுக்கு முலாம் பூசுகிறாராம்.

தேறியது, தேறாதது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் டப்பாவைத் திறந்து, அசல் 91ஐ எடுத்தாள். பின்பக்கம் ஊசியால் கீறிய எண். எண்ணுக்கு மேலே ஒரு கோடு. ஊசி வழுக்கியிருக்கும் என்று இத்தனை நாளும் விட்டிருந்தாள்.

"நீ மட்டும் எங்கேருந்துடி வந்து தொலைச்ச?"

திட்டிவிட்டு அதையும் மேசைமேல் வீசினாள். தகடு வழுக்கிக்கொண்டே போய், அரைவட்டம் திரும்பி, நோட்டின் ஓரத்தில் முட்டி நின்றது.

கோடு இப்போது எண்ணுக்குக் கீழே இருந்தது.

எண் 16.

ஆறும் ஒன்பதும் குழம்பிவிடக் கூடாது என்று எல்லா எண்ணுக்கும் அடிக்கோடு போடுகிறவர் அந்த அறையில் ஒருவர்தான் இருந்தார். எண்ணுக்கெல்லாம் செருப்பு மாட்டி விடுகிறீர்களா என்று அவளே கேலி செய்திருக்கிறாள்.

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். பதினாறாம் தகட்டின் பக்கம் வந்தது. அளவுகளெல்லாம் சொட்டுவின் குண்டு எழுத்தில் இருந்தன. செம்புக்கான வோல்டேஜ் அவர் சொல்லிச் சொல்லி அலுத்த அதே மாற்றத்தோடு இருந்தது. முடிவு எழுதும் கட்டத்தில் எண் எதுவும் இல்லை.

அந்தக் கட்டத்தின் குறுக்கே சிவப்பு மையில், அவளுடைய கையெழுத்தில் எழுதியிருந்தது: 'வீண். அளக்க வேண்டாம்.'