கழுத்தைப் பிடிக்கும் உடுப்பு

"சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டினது கிடையாது" என்றார் ஒட்வார். வலது கை அந்த மஞ்சள் உடுப்பின் நெஞ்சில் இருந்தது. "இந்த உடுப்பு இல்லேன்னா நான் இன்னிக்கு ஏதாவது மீன் வயித்துலதான் இருந்திருப்பேன்."

கழுத்திலிருந்து பாதம்வரை மூடும், நீர் புகாத அந்தக் கடல் உடுப்பு கடையின் கல்லாவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கியது. அதன் தோளில் படிந்திருந்த தூசியை, ராணுவ அதிகாரிக்குத் தட்டிவிடுவதுபோல் பணிவாகத் தட்டிவிட்டார்.

அவரைச் சத்தியத்தில் இறங்க வைத்தவள் குன்வோர். தீவின் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள், ஐம்பத்துமூன்று வயது. சனிக்கிழமை சங்கத்தாரோடு, கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகுகளில், தீவைச் சுற்றி வருவதாக ஏற்பாடு. ஏப்ரல் மாதக் கடல், நான்கு டிகிரி. அதற்காகத்தான் ஒரு புது உடுப்புக்குள் நுழைந்து, கழுத்து ரப்பரில் தலை மாட்டிக்கொண்டு, ஒருவழியாக வேகவைத்த நண்டு நிறத்தில் வெளியே வந்திருந்தாள்.

"கழுத்தை நெரிக்குது, சிசெல். ரெண்டு வளையம் வெட்டிடு."

கடைக்காரி சிசெல் கத்தரிக்கோலைத் தொடவில்லை. ரப்பரில் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். ஒன்றை வெட்டினால் கொஞ்சம் தளரும், கூடுதலாக வெட்டினால் கடலே அந்த வழியாக உள்ளே வரும், வெட்டியதை ஒட்டவும் முடியாது என்று நிதானமாகச் சொன்னாள். வீட்டில் இருக்கும் பெரிய பானை மேல் இரண்டு ராத்திரி மாட்டிவைத்தால் தானே இளகிவிடுமாம்.

குன்வோருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நீ வெட்டாவிட்டால் நானே வீட்டுக் கத்தரியால் வெட்டிக்கொள்கிறேன், இல்லையென்றால் இந்தச் சனியனே வேண்டாம், மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையும் போதும், வெயில்தான் அடிக்கிறதே என்றாள்.

அங்கேதான் ஒட்வார் குறுக்கே வந்தார். எழுபத்தெட்டு வயதுக்காரர். வருடம் ஒருமுறை, இதே தேதியில், ஒரு தட்டு வாஃபிள் என்னும் இனிப்பு அப்பமும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து சிசெலுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறவர்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே நாள்தானாம். துறையைத் தாண்டியதும் அவர் கயாக் கவிழ்ந்தது. கவிழ்ந்த கயாக் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் டென்மார்க் பக்கம் போய்விட்டது. கிளம்புமுன் குந்தி உட்கார்ந்து உடுப்பிலிருந்த காற்றை வெளியேற்ற மறந்திருந்ததால், பலூன்போல் மல்லாந்து ஐந்து மணி நேரம் மிதந்தார். ஒரு நீர்க்காகம் வந்து அவர் பாதத்தில் உட்கார்ந்து சிறகு காயவைத்தது. பயணிகள் கப்பல் அவரை வழிகாட்டும் மிதவை என்று நினைத்து, முறைப்படி ஒதுங்கிப் போனது.

"கேப்டனைக் குத்தம் சொல்லக் கூடாது. நான் மஞ்சளா இருந்தேனே" என்றார்.

பிறகு ஒரு கடல்நாய் பக்கத்தில் வந்து முகத்தையே பார்த்ததாம். பையில் இருந்த வாஃபிளில் பாதியை அதற்குக் கொடுத்தாராம்.

"கடல்நாய் வாஃபிள் திங்குமா, பெரியவரே?"

"வெறும் வாஃபிளைத் தொடலை. பாலாடைக்கட்டி வெச்சுக் குடுத்தேன், தின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அலையே துறையில கொண்டாந்து விட்டுச்சு. கழட்டிப் பாத்தா, உள்ள போட்டிருந்த கம்பளி சாக்ஸ் காஞ்சு கிடக்கு." இதுவரை இருந்த குரல் மாறி, கொஞ்சம் இறங்கியது. "கழுத்தை இறுக்குதுன்னு நானும் உன்ன மாதிரிதான் கத்தினேன். வெட்டவே மாட்டேன்னு நின்னா இவ. இறுக்கட்டும்மா. அது பிடிக்கிறது உன்னை விடாம இருக்கத்தான்."

சிசெல் வாஃபிளை மென்றபடி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீர்க்காகத்தையும் கடல்நாயையும் குன்வோர் நம்பவில்லை. ஆனாலும் அந்தக் கடைசிப் பேச்சு அவளை என்னவோ செய்தது. கத்தரிக்கோல் படாத உடுப்பை எடுத்துக்கொண்டு போனாள். வீட்டில் சூப்புப் பானையை உடுப்புக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளும் பொரித்த மீனே சமைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆப்பிள் கேக்கோடு கடைக்குள் வந்தாள். கேக்கைக் கல்லாமேல் வைத்தாள்.

சனிக்கிழமை வடக்குப் பாறைக்குப் பின்னால் திடீரென்று காற்று எழும்பியதாம். கயாக் கவிழ்ந்தது, துடுப்பு போயிற்று. மற்றவர்கள் திரும்பி வந்து அவளை எட்ட இருபது நிமிடம் ஆயிற்று.

"என் சாக்ஸும் காஞ்சே இருந்துச்சு, சிசெல்."

"நீர்க்காகம் வந்துச்சா?"

"வரலை" என்று குன்வோர் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "இந்தக் கேக் ஒட்வாருக்கு. அவர் மட்டும் அன்னிக்கு இந்த மஞ்சள் உடுப்பைக் காட்டிச் சொல்லலேன்னா, நான் மழைக்கோட்டோடதான் போயிருப்பேன். என் உயிரு அவர் குடுத்தது."

சிசெல் கொக்கியிலிருந்த மஞ்சள் உடுப்பை இறக்கி அவள் கையில் கொடுத்தாள். கழுத்து ரப்பருக்குள், பழைய விலைச்சீட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"அவர் இதை வாங்கவே இல்ல, குன்வோர்" என்றாள். "கழுத்து இறுக்குதுன்னு கோவிச்சுக்கிட்டு மழைக்கோட்டும் கம்பளிச் சட்டையுமாத்தான் போனார், துறையிலேருந்து இருபதடியில, மூச்சுப் பேச்சு இல்லாம கிடந்தவரைக் கொக்கி போட்டு இழுத்தது நான்."