எட்டிப் பார்க்காத மனுசன்

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து சுப்புலட்சுமி வார்டுக்கு வந்ததிலிருந்து, கணவர் சாமியப்பன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க நங்கையா, உங்க தம்பிக்கு பனியன் கம்பெனிதான் பெருசாப் போச்சுங்களா?" என்று நாத்தனார் குப்பாயியிடம் பொருமினாள். "எடையைக் குறைச்சாத்தான் ஆபரேஷன்னு டாக்டர் சொன்னப்ப, வழிநெடுகச் சிரிப்புக் கதை சொல்லி என்னைய நடக்க வெச்ச மனுசன். இப்ப, தச்ச வயித்தைப் பார்க்கப் புடிக்கலையாட்ட இருக்குது."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. குப்பாயி பதறினாள்.

"அழுவாத கண்ணு. அவன் கம்பெனிக்கே போகலை. வெளிய வராந்தாவுலதான் உக்காந்திருக்கான். உள்ள வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எதுக்குங்க?"

"கனத்த உடம்புக்குத் தையல் சீக்கிரம் விட்டுக்குமாம். இருமக்கூடாது, தும்மக்கூடாது, சிரிக்கவே கூடாதாம். வார்டுக்குக் கொண்டாறதுக்கு முந்தி, அரை மயக்கத்துல நீ அவன் மொகத்தைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சியாம். இதைச் சொன்னா அதுக்கும் சிரிப்பியேன்னுதான் நான் வாயைத் தொறக்கலை."

சுப்புலட்சுமி தலையணையை எடுத்து வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தியமாச் சிரிக்கலீங்க. ஒருக்கா வரச் சொல்லுங்க."

குப்பாயி போய்ச் சொன்னாள். முகத்தைத் துண்டால் முழுக்க மூடிக்கொண்டு, கட்டில் கட்டிலாக இடித்தபடி தடவித் தடவி உள்ளே வந்தார் சாமியப்பன்.