நாரோட்டம்

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில் வேன் நின்றதும் அவள்தான் முதலில் இறங்கினாள்.

பின்னாலேயே ஏழு பிள்ளைகள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி. ஏழு பேருக்கும் பார்வை கிடையாது. அவள் அவர்களுடைய அறிவியல் டீச்சர்.

கூட வந்த அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பள்ளமும் மெஷினும்தான் மேடம். இவங்களுக்கு என்ன புரியும்?"

இது அவள் மூன்று மாதம் கடிதம் எழுதி வாங்கிய அனுமதி.

அதற்குள் ஃபர்ஹானா கீழே உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதித்திருந்தாள்.

"டீச்சர், பூமி நடுங்குது!"

ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவளும் உட்கார்ந்தாள். நடுங்கத்தான் செய்தது.

தூரத்தில், மாடி வீட்டை விட உயரமான சக்கரம் வாளி வாளியாகச் சுவரை வெட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பேச்சு பீறிட்டது. அதோ உறுமுதே, அந்தச் சக்கரம்தான் கரியை வெட்டுது. இந்தப் பக்கம் கடகடன்னு கேக்குதா? பெல்ட். அதுல ஏறி கரி அனல்மின் நிலையத்துக்குப் போகும். எரியும். தண்ணி கொதிக்கும். ஆவி இன்னொரு சக்கரத்தைச் சுத்த வைக்கும். கரண்ட்! நம்ம ஹாஸ்டல் ஃபேன்!

அவளுக்கு மூச்சு வாங்கியது.

அதிகாரி காலடியில் கிடந்த பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றை எடுத்து நீட்டினார்.

தமிழினி வாங்கினாள். தச்சர் வீட்டுப் பெண்.

முகர்ந்தாள். நகத்தால் கீறினாள். கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டினாள்.

திரும்பவும் ஓட்டினாள்.

"டீச்சர்! மரம்! நாரோட்டம் இருக்கு! இந்தா, கிளை முளைச்ச கணு!"

புதைந்த காடுதான் கரியானது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளும் தப்பில்லாமல் ஒப்பித்திருக்கிறார்கள்.

இப்போது கட்டிக்கு அடிபிடி. எனக்குக் குடு. எங்க கணு? அய்யோ, ஆமாண்டி!

அதிகாரி குனிந்து பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா இதுலயேதான் கெடக்கறேன். எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

தமிழினி அவர் கையைத் தேடிப் பிடித்தாள். சுட்டுவிரலைக் கணுவின் மேல் வைத்தாள்.

"அழுத்தாதீங்க சார். மெதுவா."

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

அவர் கண்களை மூடியிருந்தார்.